நாடோடின்னா யாருங்க? வாத்து, உப்பு, அப்பறம் ஒரு பைக் தம்பி

ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. இதுலதான் எல்லாம் ஆரம்பிச்சுது:

"மனுசன் பொறப்புலயே நாடோடிதாங்க. வீடு, இஎம்ஐ, ரேஷன் கார்டுன்னு நாமளே கயிறு திரிச்சு நம்மள கட்டிகினோம். பைக்ல லடாக் போய்ட்டு வந்தப்பறம் எனக்கு இது நல்லா புரிஞ்சிடுச்சு. நம்ம பண்பாட்டுலயும் பாணர், சித்தர், சாமியார்னு ஊர் ஊரா திரிஞ்சவங்களுக்குத்தான் மரியாதை. அத எப்ப தொலைச்சோம்? வேலூர், ராணிப்பேட்டை பக்கத்து ஆளுங்க இன்னா நினைக்கிறீங்க?"

பிப்ரவரி 2, 2025, ராத்திரி 11:20

தம்பி, போட்டோ எல்லாம் பாத்தேன், அந்த லடாக் ஏரியோட நீலம் நம்ம காவேரிப்பாக்கம் ஏரிக்கு எந்த ஜென்மத்துலயும் வராது. ஆனா லீவு லெட்டர் குடுத்துட்டு, திரும்பி வர்ற தேதியையும் அதுல எழுதிட்டு போனா அதுக்கு பேரு டூர்.

வயித்தெரிச்சல்ல சொல்லல. எங்க கழனில இப்ப ஒருத்தரு எறங்கி இருக்காரு, அவர பாத்துகினே இத டைப் பண்றேன். கலவைக்கு இந்தாண்ட எங்க ஊரு, நைனா காலத்துல இருந்து ரெண்டு காணி நெல்லு. தை மாசம் சம்பா அறுத்து பத்து நாள் ஆச்சுன்னா வாத்து வந்துடும். பத்து இருவது இல்ல, ஆயிரத்து சொச்சம். லாரில தட்டு கட்டி ஏத்திகினு வந்து ஏரிக்கரை ஓரமா இருட்டுலயே எறக்குவாங்க, அதுங்க போடற சத்தத்துல ஊரே முழிச்சிக்கும். பகல் பூரா அறுத்த கழனில சிந்துன நெல்லு, நத்தை, புழு எல்லாத்தையும் பொறுக்கும். பொழுது சாஞ்சா வலைய வளைச்சு கட்டி உள்ள அடைச்சிடுவாரு. விடியறதுக்குள்ள முட்டை போட்டுடும், டார்ச் அடிச்சிகினு பொறுக்கணும், லேட்டானா அதுங்களே மிதிச்சு சேத்துல அழுத்திடும். நம்ம பக்கத்து நாட்டு வாத்துல ஒரு ரகத்துக்கு பேரு கீரி, இன்னொண்ணுக்கு பேரு சன்னியாசி. பேர் வெச்சவன் எவனோ தெரியல, ஆனா ஊர் ஊரா போற வாத்துக்கு சன்னியாசின்னு வெச்சான் பாரு, அவன் கால தொட்டு கும்பிடணும்.

இந்த வாத்துக்கார அண்ணன்தான் தம்பி நாடோடி. வூடு கிடையாது, வாசல் கிடையாது, தார்ப்பாய் ஒண்ணு, ரெண்டு குண்டான், ஒரு நாய். அவரு கிட்ட போய் "அண்ணா, நீங்க சுதந்திரமா இருக்கீங்க"ன்னு சொல்லி பாரு. கையில இருக்கற கழி நுனில பிளாஸ்டிக் கவர் கட்டி இருக்கும், அது வாத்துக்கு மட்டும் இல்ல.

பிப்ரவரி 3, காலைல 6:10

கழனில விடறதுக்கு இன்னா வாங்கறேன்னு ஒருத்தர் கேட்டாரு. காசு வாங்கறது இல்லிங்க, போறப்ப ஒரு அட்டை முட்டை குடுப்பாரு. வாத்து எச்சம் கழனிக்கு எரு, அடுத்த நடவுல யூரியா கொஞ்சம் கொறையும். ஏரி ஏலம் எடுத்தவங்க, கழனி அதிகமா இருக்கறவங்க காசு வாங்கறது உண்டு.

பிப்ரவரி 5, ராத்திரி 10:45

பாணர் விசயத்துக்கு வரேன். சங்கப் பாட்டுல ஆற்றுப்படைன்னு ஒரு வகையே இருக்கு. பரிசு வாங்கிகினு திரும்பற ஒரு கலைஞன் எதுக்க பசியோட வர்ற இன்னொருத்தனுக்கு "இந்த வழில போ, இன்ன ராசா குடுப்பான்"னு வழி சொல்றது. அதுல மலைபடுகடாம் நம்ம பழைய வடாற்காடு மாவட்டத்து பாட்டு. செங்கத்து ராசா நன்னன் மேல பாடுனது, 583 அடி. செங்கம் இருக்கற திருவண்ணாமலைய 1989ல தனி மாவட்டமா பிரிச்சுட்டதால அது இப்ப நம்ம ஊரு இல்லன்னு சண்டைக்கு வராதீங்க. பாதி பாட்டு பாதைதான். காட்டுப் பன்னிக்கு கல்லுப் பொறி எங்க வெச்சிருப்பான், யானைய ஓட்ட தினைப்புனம் காக்கறவன் விடற கவண் கல்லு எந்தப் பக்கம் வந்து விழும், ராத்திரி எந்த குகைல தங்கலாம், எந்த ஊர்ல சோறு போடுவாங்க, எல்லாம் வரும். இப்படி கணக்கு பாத்து வழி சொல்றவன "கால் போன போக்குல போறவன்"னு எப்படி சொல்றது?

இன்னொரு பெருமையும் இருக்கு. சிறுபாணாற்றுப்படைல நம்ம வேலூர் வருது! வேலூருக்கு போனா எயினர்ன்ற வேட்டைக்காரங்க வூட்டு பொம்பளைங்க சுடச்சுட புளிச்சோறும் ஆமான்ற காட்டு மாட்டுக் கறி சுட்டதும் குடுப்பாங்கன்னு எழுதி இருக்கான். ரெண்டாயிரம் வருசமா நம்ம ஊரு சாப்பாட்டு ஊருங்க. பிரியாணிக்கு முன்னாடியே பேர் வாங்குனது.

பிப்ரவரி 6, மத்தியானம் 1:30

நேத்து போட்டதுல ஒண்ண வாபஸ் வாங்கிக்கிறேன். ரிட்டையர்டு தமிழ் வாத்தியார் ஒருத்தர் தனியா மெசேஜ் போட்டு கிழிச்சிட்டாரு. அந்த வேலூர் கோட்டை இருக்கற நம்ம வேலூர் இல்லியாம். திண்டிவனம் பக்கம் உப்புவேலூர்னு இருக்கே, அதத்தான் ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. அந்தப் பாட்டுத் தலைவன் நல்லியக்கோடன் திண்டிவனத்துப் பக்கத்து ஆளு, அவன் ஊருக்கு போற வழியும் அந்தப் பக்கம்தான். சரி, புளிச்சோறு அவங்களுக்கே போகட்டும்.

ஆனா அவரு சொன்னாரேன்னு பாட்ட எடுத்து மறுபடி படிச்சேன், அப்பதான் பேஜாராயிடுச்சு. ஊர் ஊரா போற அந்தப் பாணனுக்கு வூடு இருக்கு! கூரை இத்துப்போன வூடு, அடுப்படில நாய் குட்டி போட்டு கெடக்கு, கரையான் புடிச்ச செவுத்தோரம் காளான் பூத்திருக்கு. அவன் பொண்டாட்டி குப்பைல மொளச்ச வேளைக்கீரைய நகத்தால கிள்ளிகினு வந்து உப்பு இல்லாம வேக வெச்சு, யாராவது பாத்துட்டா மானம் போய்டும்னு கதவ சாத்திகினு சொந்தபந்தத்தோட உக்காந்து துன்றாங்க.

கதவு இருந்திருக்கு, அத சாத்தறதுக்கு வெக்கமும் இருந்திருக்கு. அவன் ஊர் ஊரா போனது ஊர் சுத்தற ஆசைல இல்ல, வூட்ல உப்பு இல்ல. பைக் தம்பி, இதுக்கு இன்னா சொல்ற?

பிப்ரவரி 6, ராத்திரி 9:00

தம்பி பதில் போட்டு இருக்கான்: "அண்ணா, ஒரு கீரைய வெச்சு என் தத்துவத்தையே கவுத்துட்டீங்க." கீரை இல்ல தம்பி, உப்பு.

பிப்ரவரி 9, சாயங்காலம் 5:15 (ஞாயித்துக்கிழமை, நேரம் இருக்கு, நீளமா வரும்)

உப்புன்னு சொன்னதும் ஓடுது மனசு. அதே பாட்டுலயே உமணர் வர்றாங்க, கடற்கரைல உப்பு ஏத்திகினு குடும்பத்தோட வண்டில உள்நாட்டுக்கு போய் நெல்லுக்கு மாத்தறவங்க. ரொம்ப பின்னால, வெள்ளைக்காரன் காலத்துல, அதே வேலைய கழுதை மேல மூட்டை போட்டு செஞ்சவங்கள்ல குறவர்ல ஒரு பிரிவு. அவங்களுக்கு உப்புக் குறவர்னே பேரு. லம்பாடிங்க பொதி மாட்டுல தானியம் ஏத்தி படைக்கே சோறு போட்டவங்க. ஆற்காட்டு நவாப் சண்டை, மைசூர் சண்டைன்னு இந்தப் பக்கமா எத்தினி படை போச்சு, அத்தினி பேருக்கும் அரிசி தானா நடந்து வந்துச்சா?

இப்ப நம்ம ஊரு கதை. தென்னிந்தியால மொத ரயிலு எங்கிருந்து எங்க போச்சு தெரியுமா? 1856 ஜூலை 1, ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும். அந்த ஸ்டேஷன்லதான் நான் அஞ்சு வருசம் சீசன் டிக்கெட் வெச்சிகினு மெட்ராஸ் வேலைக்கு போய் வந்தேன். மொத ரயிலுன்னு ஸ்கூல்ல பெருமையா சொல்லி குடுத்தாங்க, யாரோட பொழப்பு போச்சுன்னு ஒருத்தரும் சொல்லல. ரயிலு வந்தா உப்பு ரயில்லதான் போவும், கழுதை மேல எதுக்கு? உப்பையே சர்க்கார் இறுக்கி புடிச்சுகினு வரியும் போட்டுகினு இருந்துச்சு. பொழப்பு போனவன் வேற வேலைக்கு வழி வழியா திரிஞ்சான். திரியறவன பாத்ததும் வெள்ளைக்கார அதிகாரிக்கு சந்தேகம். 1871ல வடக்க குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான், 1911ல அது மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்துச்சு. கைரேகை வெக்கணும், ஊர விட்டு போவணும்னா எழுதி வாங்கணும், கூப்ட்ட நேரத்துக்கு போலீஸ் ஸ்டேஷன்ல பேரு குடுக்கணும். பொறந்த கொழந்தைக்கும் அந்த முத்திரை. நம்ம மாகாணத்துல 1947லதான் அத எடுத்தாங்க, நாடு பூரா எடுத்தது 1952.

தம்பி "ரேஷன் கார்டு கயிறு"ன்னு எழுதுனான் இல்ல? கயிறுன்னா அதுதான் கயிறு. ரேஷன் கார்டுல மாசாமாசம் அரிசியாவது வருது.

நரிக்குறவங்களும் இதே கதைதான், உப்பு வித்தவங்க ஊசி பாசி விக்க வந்துட்டாங்க.

பிப்ரவரி 9, ராத்திரி 11:50

மேல இருக்கற கடைசி வரி தப்பு. அழிக்கல, தப்பு பண்ணது தெரியட்டும்னு விட்டு வெச்சிருக்கேன். பொன்னை பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதி இருந்தாங்க, "அண்ணா, பேர்ல குறவர்னு இருந்தா எல்லாம் ஒண்ணா?"ன்னு. நியாயம். குறவர் வேற, நரிக்குறவர் வேற. நரிக்குறவங்க வூட்ல பேசறது வாக்ரிபோலி, அது குஜராத்தி மராட்டி வகை மொழி, தமிழு தெலுங்குக்கு சொந்தம் இல்ல. வடக்க இருந்து வந்தவங்க. வேட்டைதான் அவங்க பழைய பொழப்பு, உப்பு இல்ல. பொன்னைக்கு பக்கத்துலதான் வள்ளிமலை, முருகன கட்டிகின வள்ளி குறவர் வூட்டுப் பொண்ணுன்னு கதை. அந்த வள்ளிய காட்டி நரிக்குறவங்கள "முருகனுக்கு மச்சான்"னு கிண்டல் பண்றது பஸ் ஸ்டாண்டுல நான் சின்ன வயசுல இருந்து கேட்டது. சொல்றவனுக்கு ரெண்டு பேரும் யாருன்னே தெரியாது.

நரிக்குறவங்கள பழங்குடி பட்டியல்ல சேக்கணும்னு மத்திய சர்க்கார் போட்ட லோக்கூர் கமிட்டி 1965லயே எழுதி குடுத்துச்சு. பார்லிமென்ட்ல சட்டம் பாஸானது 2022 டிசம்பர். 57 வருசம். நாடோடி ஒரு எடத்துல நிக்க மாட்டான்னு சொல்றோம், அவங்க பேப்பர் நின்ன எடத்துலயே நின்னுச்சு.

பிப்ரவரி 12, ராத்திரி 10:10

ஸ்டேஷன்ல பேரு கூப்பிடறதுன்னு எழுதுனதுல இருந்து ஒரு பையன் ஞாபகமாவே இருக்கு. நான் நாலாவது படிக்கறப்ப பொங்கல் லீவு முடிஞ்சு வந்து சேந்தான், ஊருக்கு வெளிய செங்கல் சூளைக்கு வந்த குடும்பம். என் பெஞ்சுதான். கை எல்லாம் வெடிச்சு செம்மண் ஏறி இருக்கும், கணக்கு மட்டும் டீச்சர் போர்டுல எழுதறதுக்குள்ள சொல்லிடுவான், வூட்ல கல்லு எண்றவன் இல்லியா. மூணு வாரமோ நாலு வாரமோ, ஒரு திங்கக்கெழமை வரல. மேஸ்திரி வேற சூளைக்கு இட்டுகினு பூட்டானாம்.

ஆனா டீச்சர் அட்டென்டன்ஸ்ல அவன் பேர நிறுத்தவே இல்ல. தெனமும் கூப்பிடுவாங்க, நாங்க அம்பது பேரும் சேந்து "வரல டீச்சர்!"னு கத்துவோம். எங்களுக்கு அது ஒரு வெளையாட்டு. முழுப்பரீட்சை வரைக்கும் கத்துனோம். பல வருசம் கழிச்சு ஒரு கல்யாணத்துல டீச்சர பாத்தப்ப கேட்டேன், ஏன் டீச்சர் அவன் பேர அடிக்கலன்னு. "அடிச்சிட்டா திரும்பி வந்தா டிசி கேப்பாங்கடா, அவங்கப்பன் டிசிக்கு எங்க போவான்"னாங்க.

அவன் வரல. பேரு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, இங்க எழுதல.

பிப்ரவரி 16, மத்தியானம் 2:40

வாத்து இன்னைக்கு கெளம்புது. லாரி வர்றதுக்கு லேட்டாச்சு, அண்ணனும் நானும் மோட்டார் கொட்டாய்ல உக்காந்து டீ குடிச்சோம். உங்கள பத்தி எழுதி இருக்கேன்னு படிச்சு காட்டுனேன். மொதல்ல சிரிச்சாரு. "வூடு கிடையாது வாசல் கிடையாது"ன்ற எடம் வந்ததும் மூஞ்சி மாறிடுச்சு.

"யாரு சொன்னா தம்பி வூடு இல்லன்னு? அரக்கோணத்துக்கு இந்தப் பக்கம் தளம் போட்ட வூடு, போட்டு நாலு வருசம் ஆவுது. அதுல படுத்த நாளுதான் கம்மி. பொண்ணு நர்சிங் படிக்குது, அதுக்கு ஃபீஸ் யாரு கட்டறா, வாத்துதான் கட்டுது."

பத்து வருசமா வர்றவரு. ஒரு நாள் கூட நான் கேட்டதில்ல. தார்ப்பாய பாத்தேன், குண்டான பாத்தேன், முடிவு பண்ணிட்டேன். பாணன் வூட்டு கதவ பாத்து பேஜாரானவன், எதுக்க உக்காந்து டீ குடிக்கற மனுசன கேக்கல.

அப்பறம் ஒரு நோட்டு எடுத்து காட்டுனாரு, ஸ்கூல் பையன் வெச்சிருக்கற மாதிரி நாலு கோடு நோட்டு. ஊரு பேரு, கழனிக்காரர் பேரு, போன் நம்பர், என்னைக்கு அறுப்பு, தண்ணி இருக்குமா, நாய்த் தொல்லை உண்டா. சம்பா அறுப்புக்கு கலவை, ஆற்காடு. சித்திரைல வர்ற நவரை அறுப்புக்கு நெமிலி, காவேரிப்பாக்கம். அப்பறம் ஆந்திராப் பக்கம் சத்தியவேடு, நாயுடுபேட்டை, நெல்லூர் வரைக்கும். ஆடி ஆவணில வர்ற சொர்ணவாரி அறுப்புக்கு மறுபடி இங்க. இன்னொரு மலைபடுகடாம் போல இருக்குது நோட்டு, பன்னிப் பொறிக்கு பதிலா "கரண்டு வேலி, உஷார்"னு எழுதி இருக்கு.

"எல்லாரும் நான் சுத்தறேன்னு சொல்றாங்க. சுத்தறது அறுப்பு தம்பி. நான் அது பின்னாடி போறேன், அவ்ளோதான்."

நோட்டுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் கவர், அதுல ஆதார் ஜெராக்ஸ் ஒரு கத்தை, இருவதுக்கு மேல இருக்கும். புது ஊர்ல எறங்குனா யாராவது ஒருத்தன் வந்து எந்த ஊரு, இன்னா ஆளுன்னு கேப்பானாம், ஒண்ணு குடுத்துட்டு வேலைய பாப்பாராம்.

பிப்ரவரி 2 அன்னைக்கு நான் "இவர்தான் நாடோடி"ன்னு எழுதுனத இதோட சேத்து படிச்சுக்கோங்க.

பிப்ரவரி 16, ராத்திரி

ஒருத்தர்: "அப்ப நாம எல்லாருமே நாடோடிதானே சார், தெனம் ரயில்ல 100 கிலோமீட்டர் போறோமே." இல்லிங்க. சீசன் டிக்கெட் வெச்சிருந்தவன் சொல்றேன், அது நாடோடித்தனம் இல்ல, தூக்கம் பத்தாத வாழ்க்கை. எல்லாரையும் நாடோடின்னு சொல்லிட்டா ஜெராக்ஸ் கத்தை வெச்சிகினு போறவருக்கு வேற பேரு தேடணும்.

மார்ச் 3, காலைல 7:25

பஸ்ல போறப்ப தோணுனது. பரதேசின்னா வேற தேசத்து ஆளு, அப்பறம் திருவோடு ஏந்துற சாமியாரு, இன்னைக்கு அது ஒரு திட்டு. தேசாந்திரின்னு சொன்னா மட்டும் இன்னும் கெத்தா இருக்கு, ஏன்னா வூட்ல யாரும் அந்த வார்த்தைய சொல்லி திட்டல. எங்கம்மாக்கு தெரிஞ்சதெல்லாம் ஊர்சுத்தி ஒண்டிதான். நடவுப் பாட்டு, தாலாட்டுக்கெல்லாம் முன்ன நாடோடிப் பாடல்னே பேரு. பாடுனவ பொறந்த ஊரு, கட்டிகின ஊரு தவிர மூணாவது ஊரு பாத்திருக்க மாட்டா. பாட்டுக்குத்தான் கால் இருந்துச்சு.

காவேரிப்பாக்கம் பக்கத்துல சுமைதாங்கின்னே ஒரு ஊரு இருக்கு, ஹைவேல போர்டு பாத்திருப்பீங்க. தலைச்சுமையோட நடக்கறவன் யார் கையையும் எதிர்பாக்காம எறக்கி வெச்சு மறுபடி தூக்கிக்கற கல்லு சுமைதாங்கி. வயித்துல புள்ளையோட செத்துப்போன பொண்ணு ஞாபகமா நட்டு வெப்பாங்க. நடக்கறவனுக்கு அப்படி ஒரு மரியாதை இருந்திருக்கு, தம்பி சொன்னதுல அந்த அளவுக்கு உண்மை உண்டு, ஒத்துக்கறேன்.

மார்ச் 15, ராத்திரி 11:30

தம்பிய ரொம்ப ஓட்டிட்டேன், இப்ப என் கதை. எனக்கு 23 வயசு, வேலை கிடைக்கல, வூட்ல தெனம் பேச்சு. ஒரு நாள் முன்னூறு ரூபாய எடுத்துகினு திருவண்ணாமலைக்கு பஸ் ஏறிட்டேன், இனிமே ஊரு உறவு வேணாம்னு. மொத ராத்திரி கிரிவலம் 14 கிலோமீட்டர் நடந்தேன், ஆஹா இதுதான் வாழ்க்கைன்னு இருந்துச்சு. ரெண்டாம் நாள் செருப்பு காணோம். மூணாம் நாள் ஒரு வயசான சாமியார் பக்கத்துல உக்காந்து ஞானம் கேக்கலாம்னு பாத்தா அவரு என்ன கண்டுக்கவே இல்ல, மணி எத்தினின்னு கேட்டாரு. பத்தே முக்கால்னு சொன்னேன். "பதினொண்ணுக்கு டோக்கன் குடுப்பான், இப்ப போனாதான்"னு எழுந்து பூட்டாரு. எங்க எந்த கிழமை சோறு, எங்க வெள்ளிக்கெழமை ஒண்டி வடை, எந்த மண்டபம் மழைக்கு ஒழுகாது, எல்லாம் அவருக்கு அத்துபடி. நாலாம் நாள் நான் எஸ்டிடி பூத்துல இருந்து பக்கத்து வூட்டுக்கு போன் பண்ணி எங்கம்மாவ கூப்பிட சொன்னேன்.

அன்னைக்கு போலிச் சாமியார்னு நினைச்சேன். இப்ப அப்படி இல்ல. சன்னியாசிக்கே மழைக்காலத்துல ஒரே எடத்துல தங்கணும்னு சட்டம், சாதுர்மாஸ்யம்னு. ஜைன முனிவருங்களுக்கும் மழை நாலு மாசம் நடை கிடையாது. போளூர் பக்கம் திருமலைல அம்பது அடிக்கு மேல ஜைன தீர்த்தங்கரர் நேமிநாதர் சிலையா நிக்கறாரே, வள்ளிமலைல பாறைக்குள்ள ஜைன உருவங்க இருக்கே, திரியற முனிவருங்க நின்ன எடம்தான் அதெல்லாம். எப்ப நிக்கணும்னு தெரிஞ்சவன்தான் நடந்திருக்கான். எனக்கு ரெண்டும் தெரியல, செருப்பு வேற போச்சு.

ஏப்ரல் 27, விடியக்காலை 4:50

பாரதம் நடக்குது பக்கத்து ஊர்ல, திரௌபதி அம்மன் கோயில்ல, கூத்து பாத்துட்டு இப்பதான் வரேன், தூக்கம் வரல. எங்க தாத்தா கூத்து ஜமால இருந்தவரு, துரியோதனன் வேசம் கட்டுனா பத்து ஊர்ல பேரு. பங்குனில கெளம்புனா ஆடி வரைக்கும் ஊரூரா, ராத்திரி ஆட்டம், பகல்ல மரத்தடில தூக்கம், சாயங்காலம் அடுத்த ஊரு. கட்டை, கிரீடம், புஜம் எல்லாம் மரப்பொட்டில, மாட்டு வண்டில வரும். நெசமான நாடோடி என் ரத்தத்துலதான் இருக்கு தம்பி, உன் பைக்ல இல்ல.

ஏப்ரல் 27, சாயங்காலம்

மேல இருக்கறத எங்கம்மாக்கு படிச்சு காட்டுனேன். அம்மா சொன்னது அப்படியே: "துரியோதனனா? உங்க தாத்தனா? அவரு முப்பது வயசு வரைக்கும் பொட்டி தூக்குனாரு, அப்பறம் கட்டியக்காரன் கட்டுனாரு. துரியோதனன் கட்டுனது அவரு அண்ணன். ஆடி பொறந்தா ரெண்டு பேரும் ஏர் புடிக்க வந்துடுவாங்க, விதைக்கற நேரத்துல எவன் கூத்தாடுவான்?"

அப்ப அதுக்கும் ஒரு நாலு கோடு நோட்டு இருந்திருக்கு. பரவால்ல, கட்டியக்காரன் பேரன்னு தெரிஞ்சதுல எனக்கு இன்னும் சந்தோசம்தான், அவனுக்குத்தான் ராசாவ கிண்டல் பண்ற உரிமை உண்டு.

மே 4, காலைல 8:00

நவரை அறுப்புக்கு மெஷின் வந்து இருக்கு. ஆத்தூர் பக்கத்து வண்டி, டிரைவர் பசங்க ரெண்டு பேர். வூட்ட விட்டு வந்து மூணு மாசம் ஆச்சாம், டெல்டால அறுத்துட்டு இங்க, அடுத்தது ஆந்திரா. வண்டி கீழ படுக்கறாங்க, ஸ்டவ் வெச்சு சமைக்கறாங்க, வாத்துக்கார அண்ணன விட ஒரு குண்டான் கம்மி. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியும் இப்படித்தான், இந்தியா பூரா போவுது. இவங்கள யாராவது நாடோடின்னு சொல்லி கேட்டிருக்கீங்களா? நேத்து ராத்திரி ஊர்ப் பெரியவரு ஒருத்தரு அந்தப் பசங்களுக்கு டார்ச் அடிச்சிகினு வந்து மோர் குடுத்துட்டு போனாரு. அதே மனுசன் போன பிப்ரவரில அண்ணன் கிட்ட ஆதார் ஜெராக்ஸ் வாங்கி மடிச்சு ஜோபில வெச்சத நான் பாத்தேன்.

தூரம் எல்லாம் ஒண்ணுதான். இருவது லட்ச ரூபா மெஷினோட வர்றவன யாரும் அட்ரஸ் கேக்கறதில்ல. இந்தப் பதிவுங்கள்ல மூணு மாசமா நான் சுத்தி சுத்தி சொல்ல வந்தது இதுதான்னு நினைக்கிறேன், அத சொல்றதுக்கு சங்க காலம் வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன்.

மே 4, ராத்திரி

தம்பி "ஜிப்சி சோல்"னு கையில பச்சை குத்தி இருக்கானாம், அழிக்கணுமான்னு கேக்கறான். அழிக்காத, காசு குடுத்து குத்துனது. ஆனா ஜிப்சின்ற பேரே வெள்ளைக்காரன் அவங்கள எகிப்துல இருந்து வந்தவங்கன்னு தப்பா நினைச்சு வெச்சது. அவங்க முன்னோருங்க இங்கிருந்து ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி போனவங்க, பேசற ரோமானி மொழில இன்னும் நம்ம வடநாட்டு வார்த்தை கெடக்கு. ஹிட்லர் காலத்துல லட்சக்கணக்குல கொன்னாங்க. தெரிஞ்சிகினு வெச்சிக்கோ.

ஆகஸ்ட் 24, ராத்திரி 9:30

ரொம்ப நாளாச்சு. சொர்ணவாரி முடிஞ்சுது, இந்த வாட்டி அண்ணன் எங்க கழனிக்கு வரல, அறுக்கற நேரத்துல மழை புடிச்சு சேறாயிடுச்சு. நெமிலி பக்கம் எறங்கி இருக்காரு. பைக் தம்பி நம்பர் கேட்டான், அவர கேட்டுட்டு குடுத்தேன். வியாழக்கெழமை போய் ராத்திரி தங்கி, மூணரை மணிக்கு எழுந்து முட்டை பொறுக்குனானாம், பதினோரு முட்டைய மிதிச்சானாம். அண்ணன் போன்ல சொல்றப்ப கோவமா சிரிப்பான்னு எனக்கு புரியல.

முக்கியமான சங்கதி இது. விடியக்காலைல ஏரிக்கரைல பெரிய பைக்கு, ஹெல்மெட்டு, முதுகுல மூட்டைன்னு இவன பாத்துட்டு ஊர்க்காரங்க நாலு பேர் வந்து வளைச்சு நீ யாரு, எந்த ஊரு, ஆதார் எடுன்னு கேட்டு இருக்காங்க. தம்பி பர்ஸ வூட்லயே வெச்சிட்டு போயிட்டான், போன்ல சார்ஜ் இல்ல. வாத்துக்கார அண்ணன்தான் போய் "நம்ம பையன்தாங்க, எனக்கு தெரிஞ்சவன்"னு சொல்லி அனுப்பி வெச்சாராம்.

முட்டை வேணும்னு கேட்ட ரெண்டு பேருக்கு: புதன்கெழமை வரைக்கும்தான் நெமிலில இருப்பாரு, அப்பறம் ஆந்திரா. காலைல ஆறு மணிக்குள்ள போங்க, அதுக்கு மேல வியாபாரி வண்டி வந்து மொத்தமா ஏத்திடும். அட்டை நீங்களே எடுத்துகினு போங்க, அவரு கிட்ட கூடைதான் இருக்கு.